வீட்டுக்குப் போன பட்டன்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அண்ணனும் அண்ணனுடைய முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? பஸ்ஸின் கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் அது, கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று அண்ணன் கிண்டல் செய்வான். போனில் நான் பேசுவேன், நீங்கள் உங்கள் தையல் அறையில் நாலு மெஷின் சத்தத்துக்கு நடுவில் ‘ம்’ போடுவீர்கள், கடைசியில் என்ன முடிவானது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அதனால்தான் எப்போதும்போல் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு ஓட்டல் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் மேலாளர் நேற்று என் துணிக்கடைக்கு வந்தார். சட்டையைப் பார்க்கும் முன்னால் சுவரில் இருக்கும் போர்டைத்தான் படித்தார். ‘இங்கே தொங்கும் எந்த உடையையும் ஐந்து மணிக்கு மேல் யாரும் தைக்கவில்லை’ என்று நான் எழுதி மாட்டியிருக்கிறேனே, அதை. “இது நிஜமா?” என்றார். “எங்க அண்ணி கையால மெயின் சுவிட்சை அணைப்பாங்க” என்றேன். மனிதர் அந்த வார்த்தையில் விழுந்துவிட்டார். ஊழியர்களுக்கு நானூறு சட்டை வேண்டுமாம். மில் மிச்சத் துணியில் தைத்தது என்றதும் இன்னும் சந்தோஷம். பிளாஸ்டிக் பட்டன் வேண்டாம் என்று மரப் பட்டன் வைத்த மாதிரியைக் காட்டினேன், அதையே கேட்கிறார். மார்ச் 15 என்று தேதி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் முழுக்க நான் கடையில் ஈ ஓட்டியது உங்களுக்குத் தெரியும். இது கைகூடினால் கடை பிழைக்கும், அண்ணி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜனவரி 20

அன்புள்ள நாத்தனார் அவர்களுக்கு,

உன் நலம் அறிந்தேன். உன் வேகமும் அறிந்தேன், அதற்கு ஒரு பெரிய கும்பிடு. நாங்கள் நலம். உன் அண்ணன் முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

நீ வந்து பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தைப்பவர்களை உனக்குத் தெரியாது. காலர் தைப்பவள் காலர், கை தைப்பவள் கை, பாக்கெட் தைப்பவள் பாக்கெட். வேலைக்கு வந்த முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கிழித்தாலும் வராது. நான் பக்கத் தையலும் ஓரமும். ஆக நாலு மெஷின். உன் கடைக்கு வழக்கமாக அனுப்புவதையும் தைத்துக்கொண்டு நானூறு சட்டை என்பது லேசில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தையல் முடிந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

ஐந்து மணி விஷயத்தில் மாற்றமில்லை. பெரிய கம்பெனியில் நான் இருந்தபோது அன்றைய லோடு தைத்து முடியும்வரை எங்களை உள்ளே வைத்துக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதை என் அறையில் நான் செய்ய மாட்டேன்.

மரப் பட்டன்தான் இடிக்கிறது. பட்டன் மெஷினில் வைத்தால் மூன்றுக்கு ஒன்று பிளக்கிறது. கையால்தான் தைக்க வேண்டும். சட்டைக்குப் பதினொன்று. தேதியை இரண்டு வாரம் தள்ள முடியுமா என்று கேட்டுப் பார்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

தேதியைத் தள்ள முடியாது, அண்ணி. எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? நீங்கள் மனசு வைத்தால் நடக்காதா? பட்டன்தானே, இடையிடையே தைத்துவிடலாம். ஐந்து மணியை மட்டும் தாண்ட வேண்டாம். அந்த மனிதர் துணிக்காக வரவில்லை, அந்த வாக்குக்காகத்தான் வந்தார்.

காலர், கை, பாக்கெட் மூவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மரப் பட்டன் இரண்டு டப்பா இத்துடன் வருகிறது.

அன்புடன்,
நாத்தனார்

மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நானூறு சட்டை பத்துப் பெட்டியில் வருகிறது. எண்ணி வாங்கிக்கொள். ஒரு நாள்கூட மெஷின் ஐந்து மணியைத் தாண்டவில்லை. சுவிட்சை அணைத்தது என் கைதான். இதை நீ நம்பலாம்.

கொஞ்சம் அசதியாக இருக்கிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம், நலம், நலம்! அசதி தீர்ந்ததா? ஆறு வாரம் சத்தமே இல்லை, வந்த கடிதமும் ஐந்தே வரி. நீங்கள் எழுதியதுதானா என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சட்டைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மேலாளர் ஒன்றை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டார், தொப்பை கொஞ்சம் தகராறு செய்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானூறு வேண்டும் என்கிறார். அடுத்தது ஜூன் கடைசி. சரி என்று சொல்லிவிட்டேன்.

அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் நான் மறுபடி ஒரு தடவை தேய்த்தேன். அப்போது ஒரு திருடனைக் கண்டுபிடித்தேன். பட்டனின் நாலு ஓட்டையிலும் நேராக இரண்டு கோடு, கடைசியில் நடுவில் குறுக்கே ஒரு கட்டு. இந்த உலகத்தில் அப்படித் தைக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் எங்கள் அம்மா, அவர் இப்போது இல்லை. ஒருத்தி நான். மிச்சம் யார்? பஸ் ஓட்டுகிறவரை ஊசி பிடிக்க வைத்துவிட்டீர்களே, கெட்டிக்காரி அண்ணி நீங்கள்!

ஆனால் ஒன்று. இன்னும் நாலைந்து விதமான கை தெரிகிறது. ஒரு கை பெருக்கல் குறியாகத் தைக்கிறது. இன்னொன்று தளர்வாக விடுகிறது. முப்பது சட்டையில் வேறொரு கை பட்டனைத் துணியே சுருங்கும் அளவுக்கு இழுத்துத் தைத்திருக்கிறது. அவற்றைப் பிரித்து நானே மறுபடி தைத்தேன். புது ஆள் யாரையாவது சேர்த்தீர்களா?

அன்புடன்,
நாத்தனார்

ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் நலம். வெயில் ஏறிவிட்டது, தையல் அறையின் மேற்கு ஜன்னலுக்கு வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் திரை தைத்தோம். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் நிழல் தருகிறது. மிச்சத் துண்டில் நூற்றிருபது சுருக்குப் பை தேறியது, இத்துடன் வருகிறது. ஒரு கைப்பிடித் துணிகூடக் குப்பைக்குப் போகவில்லை.

காலருக்கும் பாக்கெட்டுக்கும் நேற்று பேச்சுவார்த்தை முறிந்தது. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று தகராறு. “நீங்க காலர்னா எல்லாத்துக்கும் மேலதான் இருக்கணுமா?” என்று பாக்கெட் கேட்க, ‘கை’ சிரித்த சிரிப்பில் அவளுடைய ஊசி உடைந்தது. இன்று மூவரும் ஒரே டம்ளரில் டீ பங்கு போடுகிறார்கள்.

உன் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் டாக்டருக்குத்தான் திட்டு விழுகிறது.

அடுத்த நானூறுக்குத் துணி வெட்டத் தொடங்கிவிட்டேன். பட்டன் விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 6

வாலு,

சௌக்கியமா? நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் இல்லை.

உன் அண்ணி உனக்கு எழுதியதைப் பார்சலில் வைக்கும் முன் படித்தேன். படிக்கக் கூடாதுதான். திரைச்சீலை வந்தது, மின்விசிறி வந்தது, என் எடைகூட வந்தது. நீ கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

புது ஆள் யாரும் இல்லை. ஐந்து மணிக்கு மெஷின் நின்றது உண்மை. ஆனால் ஐந்து மணிக்கு நாலு பை கிளம்பியது. ஒன்று நம் வீட்டுக்கு, மற்ற மூன்றும் அந்த மூன்று பேர் வீட்டுக்கு. பையில் சட்டையும் பட்டனும். காலையில் தைத்துக் கொண்டுவர வேண்டும். நான் எண்பது சட்டைக்குத் தைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, விரல் இன்னும் வலிக்கிறது.

பட்டன் தைப்பதை இங்கே யாரும் தையல் என்றே நினைப்பதில்லை. சுவிட்ச் போட வேண்டாமே. உன் அண்ணியும் அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவள் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டு. திட்டும் முன், மார்ச் 15 என்று தேதி எழுதியது யார் என்றும் கொஞ்சம் யோசி.

அண்ணன்

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அண்ணன் எழுதிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் உங்கள்மேல் எனக்குக் கொதித்தது. ‘இதை நீ நம்பலாம்’ என்று எழுதினீர்களே, அந்த வரியை எடுத்து எடுத்துப் படித்துக் கொதித்தேன். மறுநாள் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. தேதியைத் தள்ள முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் மேலாளரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், முடியாது என்று எழுதினேன். கேட்டால் ஆர்டர் கைநழுவிவிடும் என்று பயந்தேன். அதுதான் நிஜம்.

பை என்று படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. கம்பெனியிலிருந்து அம்மாவும் பை கொண்டுவருவாள். நானும் அண்ணனும் பள்ளிவிட்டு வந்ததும் பட்டன் தைக்க உட்காருவோம். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடும், எனக்குக் காது முழுக்க அங்கேதான் இருக்கும். அம்மாமேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பையை நான் வெறுத்தேன், இன்னமும் வெறுக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். அந்த முப்பது சட்டையைத் தைத்தது ஒரு குழந்தைதானே? பட்டன் விழுந்தால் திட்டு விழும் என்று பத்துத் தடவை ஊசியை விட்டு, துணி சுருங்கும்வரை இழுப்பது எட்டு வயதில் நான் செய்த வேலை. பிரிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ‘புது ஆளா’ என்று உங்களைக் கேட்டேன்.

போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

மே 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

குழந்தைதான். பாக்கெட்டின் பெண். ஒன்பது வயது.

அதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இது எனக்கு உன் கடிதம் பார்த்துத் தெரிந்ததில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாக்கெட் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டில்மேல் பள்ளிப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பெண் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முழங்காலில் சட்டையை விரித்துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் ஒளித்தாள். “சும்மா விளையாடிட்டு இருக்கா, அக்கா” என்றாள் பாக்கெட். “அப்படியா” என்றேன். குடையைக் கொடுத்தேன், ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், வந்துவிட்டேன். மறுநாள் அடுத்த பையையும் நானே கட்டிக் கொடுத்தேன். உன் தேதிக்கு இருபது நாள்தான் இருந்தது.

கேட்டைப் பூட்டி வைத்தவர்களைப் பற்றி எத்தனை தடவை உனக்கு எழுதியிருப்பேன்! நான் பூட்டவில்லை, கம்பெனியையே அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே, அடுத்த நானூறுக்காக மறுபடி தொடங்கியிருந்த பையை நிறுத்தினேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். பாக்கெட் என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கைவைத்து நின்றாள், அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க, அக்கா?”

“குழந்தை தைக்கிறதை நான் பார்த்தேனே.”

“பார்த்துட்டு அன்னிக்கு ஏன் சொல்லலை? அந்தப் பைப் பணத்துல அவளுக்குப் படிக்க ஒரு மேஜை வாங்கலாம்னு இருந்தேன். பை கொடுக்கறப்பவும் எங்களைக் கேட்கலை. இப்ப நிறுத்தறப்பவும் கேட்கலை. நல்லது செய்யறதுன்னாலும் நீங்களே முடிவு பண்ணிக்குவீங்களா?”

நான் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களே மூன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். காலர் ஒரு சட்டையை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினோரு பட்டனையும் தைத்தாள். இருபத்திரண்டு நிமிஷம். நானூறுக்குப் போட்டுப் பார். நூற்று நாற்பத்தாறு மணி நேரத்துக்கு மேல். வெட்டுவதற்கு நேரம் போட்டிருந்தேன், தைப்பதற்கு, தேய்ப்பதற்கு, மடிப்பதற்குக்கூடப் போட்டிருந்தேன். பட்டனுக்குப் போடவில்லை. நீ சட்டைக்கு வைத்த விலையிலும் அது இல்லை, பைப் பணத்தை என் பங்கிலிருந்துதான் கொடுத்தேன். இத்தனை வருஷம் தைக்கிறேன், எனக்கு அது வேலையாகவே கண்ணில் படவில்லை.

இந்த நேரத்தையும் ஐந்து மணிக்குள் அடக்கினால் ஜூனுக்குள் நானூறு வராது. பாதி வந்தால் அதிகம். உன் கடை என்ன ஆகும் என்று ராத்திரியெல்லாம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் பையைத் திரும்பக் கட்ட மாட்டேன்.

அண்ணி

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருங்கள், சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், அப்புறம் முகம் கழுவிக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனேன்.

உள்ளதைச் சொன்னேன். ஒன்பது வயதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“போர்டுல வேற மாதிரி எழுதியிருந்துச்சே” என்றார்.

“ஆமா சார். அது பொய்யாப் போச்சு.”

பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “எனக்குச் சட்டை வேணும். உங்களால எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, அதை உங்ககிட்ட வாங்கிக்கறேன். மீதியை வேற இடத்துல பார்த்துக்கறேன்” என்றார். ஜூன் தேதியை அடித்துவிட்டார். பட்டன் நேரத்தையும் சேர்த்து விலை சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே தலையாட்டினார். அந்த வேறு இடத்தில் யார் பட்டன் தைப்பார்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்காமலே ஆர்டர் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாதி ஆர்டரில் முழுக் கடையை வைத்திருக்க முடியாது. பின்பாதியைப் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். இனி என் கடையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பினால் முட்டிக்கொள்வார்கள். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடை இருக்கிறது.

ஆர்டர் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிக்கையும் தேதியும் எழுதும் இடத்தை விட்டிருக்கிறேன். நீங்களும் நிரப்ப வேண்டாம், அண்ணி. பாக்கெட்டிடம் கொடுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்

ஜூன் 3

மதிப்பிற்குரிய கடை அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் கடையும் நல்லபடியாக இருக்க வேண்டும். நான்தான் பாக்கெட். நாங்கள் மூவரும் சுகம். என் பெண்ணும் சுகம், பரீட்சை எழுதிவிட்டாள், கணக்கில் மட்டும் கொஞ்சம் மட்டம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடையில் எங்களைப் பற்றி ஒரு போர்டு இருந்ததாக எங்கள் அக்கா, அதாவது உங்கள் அண்ணி, சொன்னார்கள். அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. காலர் அதைக் கேட்டுவிட்டு, “நம்மளைப் பத்தி ஊரெல்லாம் படிச்சிருக்கு, நாமதான் படிக்கலை” என்று சொன்னாள். சிரித்தோம். கொஞ்சம் கோபமும் வந்தது.

பட்டனுக்கு இப்போது காலையில் முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறோம். அப்போதுதான் கண் நன்றாகத் தெரியும். அக்காவும் எங்களோடு உட்கார்ந்து தைக்கிறார்கள். எங்களைவிட மெதுவாகத்தான் தைக்கிறார்கள், இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம். பை போனதில் எனக்கு நஷ்டம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கூட்டித் தரும் கூலி அதில் கொஞ்சத்தைச் சரிக்கட்டும். அதையும் நானே கேட்டு வாங்கினேன்.

நீங்கள் அனுப்பிய தாளை அக்கா என் முன்னால் வைத்தார்கள். பதினாறு வருஷமாகத் தைக்கிறேன், நாலு கம்பெனி பார்த்துவிட்டேன். எல்லாரும் எப்போது வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உன்னால் எப்போது முடியும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பேனாவை அக்காவிடமே திருப்பி நீட்டினேன். ‘கை’தான், “எழுதுடி, உன்னைத்தானே கேட்டிருக்காங்க” என்று தோளில் இடித்தாள்.

இருநூற்றிருபது சட்டை என்று எழுதியிருக்கிறேன். மூவரும் பேசி எடுத்த எண்ணிக்கை. அதற்குமேல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள்.

தேதியில் ஒரு அடித்தல் இருக்கும். முதலில் செப்டம்பர் 27 என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு அக்டோபர் 4 என்று எழுதினேன். இடையில் வரும் வாரம் என் பெண்ணுக்குக் காலாண்டு விடுமுறை. அந்த வாரம் நான் வேலைக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
பாக்கெட்